அவர்களுக்கு ஹால் தர முடியாது என்று சபை முடிவெடுத்தபோது

கேள்வி: ஐயா, நாங்கள் பாறசாலைக்குப் பக்கத்தில், கேரளப் பகுதியில் இருக்கிறோம். வீட்டில் தமிழ், வெளியே மலையாளம். எங்கள் சபையில் காலை ஆராதனை இன்றைக்கும் தமிழில்தான். இங்கே செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் இருக்கும் ஒடிசா பையன்கள் கொஞ்சம் பேர், ஞாயிறு மத்தியானம் இரண்டு மணி நேரம் ஜெபம் நடத்த சபை ஹாலைக் கேட்டார்கள். கந்தமாலிலிருந்து வந்த கிறிஸ்தவர்களாம். ஹால் அழுக்காகும், பெண்பிள்ளைகள் பாட்டு படிக்க வருகிற இடம், நாளைக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று சொல்லி கமிட்டி மறுத்துவிட்டது. அதற்கு முந்தின வாரம்தான் சபை வாட்ஸ்அப் குழுவில் ‘வடநாட்டுக்காரன் பிள்ளை பிடிக்கிறான்’ என்று ஒரு வீடியோ வந்திருந்தது. என் கணவர் கமிட்டியில் இருக்கிறார். அவரும் கைதூக்கினார். சபைக்கூட்டத்தில் அறிவித்தபோது நானும் வாயைத் திறக்கவில்லை.

என் மகள் இங்கிலாந்தில் நர்ஸ். அங்கே சிலுவையைத் தூக்கிக்கொண்டு வெளிநாட்டுக்காரர்களுக்கு எதிராக ஊர்வலம் போகிறார்களாம். பஸ்ஸில் ஒருவன் ‘உன் நாட்டுக்குப் போ’ என்று அவளிடம் கத்தினானாம். போனில் அழுகிறாள். சர்ச்சுக்குப் போகிற பெண் என்று தெரிந்தால் விட்டுவிடுவார்கள் அல்லவா? நம் ஊரை நாம் பாதுகாக்க நினைப்பது பாவமா? நான் பேசாமல் இருந்தது பாவமா? கணவர் எடுத்த முடிவை எதிர்த்து நான் பேசலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மகளின் விஷயத்தை முதலில் பேசிவிடுவோம். பிள்ளை போனில் அழும்போது மற்றதெல்லாம் அப்புறம்தான்.

பஸ்ஸில் நடந்ததை அவள் எழுதி வைக்கட்டும்: தேதி, நேரம், பஸ் எண், அவன் சொன்ன வார்த்தைகள். இனத்தைச் சொல்லி ஒருவரை மிரட்டுவது இங்கிலாந்தில் குற்றம், போலீஸில் புகார் கொடுக்கலாம். வார்டு பொறுப்பாளரிடமும் நர்ஸ் சங்கத்திலும் சொல்லி வைக்கட்டும். நம் பிள்ளைகள் பலர் ‘விசாவுக்குப் பிரச்சினை வரும்’ என்று பயந்து வாய்மூடி இருந்துவிடுகிறார்கள். திட்டு வாங்கியவர் புகார் கொடுத்தார் என்பதற்காக விசா போவதில்லை. ‘நாலு நாள் வெளியே போகாதே’ என்று மட்டும் சொல்லி போனை வைத்துவிடாதீர்கள். நடந்தது அவளுடைய தவறு இல்லை என்று உங்கள் வாயால் அவள் கேட்க வேண்டும்.

இன்னொன்றையும் அவளிடம் சொல்லாதீர்கள். ‘நீ கிறிஸ்தவள், சிலுவைச் சங்கிலி போட்டுக்கொள், உன்னை விட்டுவிடுவார்கள், அவர்களுக்குக் கோபம் வேறு ஆட்கள் மேல்தான்’ என்று நம் வீடுகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். 2024 ஜூலை 29 அன்று சவுத்போர்ட் என்ற ஊரில் நடன வகுப்புக்கு வந்த 3 சிறுமிகளை ஒருவன் குத்திக் கொன்றான். கொன்றவன் படகில் வந்த அகதி என்று இணையத்தில் ஒரு பொய்ப் பெயருடன் செய்தி பரவியது. உண்மையில் அவன் பிரிட்டனிலேயே, கார்டிஃப் நகரில் பிறந்தவன். அந்தப் பொய்யை நம்பிய கும்பல் மறுநாளே மசூதியைத் தாக்கியது. ஆகஸ்ட் 4 அன்று ராதர்ஹாம் அருகே அகதிகள் தங்கியிருந்த ஓட்டலுக்குத் தீ வைக்கப் பார்த்தார்கள். சந்தர்லாந்தில், அவசர வேலைக்கு அழைக்கப்பட்டு டாக்ஸியில் போய்க்கொண்டிருந்த பிலிப்பைன்ஸ் நர்ஸ்கள் மீது கல் எறிந்தார்கள். பிலிப்பைன்ஸ் பெரும்பான்மையும் கத்தோலிக்கர்கள் வாழும் நாடு. எறிந்தவர்கள் யாரும் ஞானஸ்நானச் சீட்டைக் கேட்டுவிட்டு எறியவில்லை.

நம்மைக் கேட்டு விட்டுவிட்டாலும்தான் என்ன? பக்கத்தில் நிற்கும் முஸ்லிம் பெண்ணைத் திட்டட்டும், என்னை விட்டால் போதும் என்று ஒரு கிறிஸ்தவப் பெண் நினைக்கலாமா? உங்கள் மகள் அப்படி நினைக்க மாட்டாள் என்று நம்புகிறேன். ஒரே வார்டில், ஒரே நோயாளியின் இரண்டு பக்கமும் நின்று அவர்கள் சேர்ந்து படுக்கை விரிக்கிறார்கள்.

அவள் கேட்ட ஊர்வலச் செய்தி உண்மைதான். 2025 செப்டம்பர் 13 அன்று, குடியேற்றத்தை எதிர்க்கும் தீவிர வலதுசாரியான டாமி ராபின்சன் கூட்டிய லண்டன் ஊர்வலத்தில் லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள், அதில் சிலர் மரச் சிலுவைகளைத் தூக்கி வந்தார்கள். அதற்குப் பின் ஆங்கிலிக்கன் பேராயர்களும் வேறு சபைகளின் தலைவர்களும் சேர்ந்து, மற்றவர்களை ஒதுக்கிவைக்கக் கிறிஸ்தவ விசுவாசத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று பகிரங்கக் கடிதம் எழுதியதையும் அவளுக்குச் சொல்லுங்கள். சவுத்போர்ட்டில் மசூதிச் சுவரை உடைத்த இரவு விடிந்ததும், அக்கம்பக்கத்து ஜனங்கள் துடைப்பத்தோடு வந்து தெருவைக் கூட்டினார்கள், கொத்துவேலை தெரிந்தவர்கள் அந்தச் சுவரைத் திரும்பக் கட்டினார்கள். அவள் வாழ்வது அந்த ஜனங்களுக்கும் நடுவில்தான்.

இனி நம் ஊருக்கு வருவோம்.

பிரிட்டனில் 1948இல் விண்ட்ரஷ் என்ற கப்பலில் கரீபியன் தீவுகளிலிருந்து வேலைக்கு ஆட்கள் வந்தார்கள். பின்னாலும் பல ஆண்டுகள் வந்தார்கள். அவர்களில் பலர் பிறந்ததிலிருந்தே ஆங்கிலிக்கன் சபையில் வளர்ந்தவர்கள். ஜெப புத்தகமும் அதே, பாட்டும் அதே. வந்த முதல் ஞாயிறே நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு ஆலயத்துக்குப் போனார்கள். பல இடங்களில் வாசலில் நின்றவர்கள் மரியாதையாகவே ‘இனி வர வேண்டாம், எங்கள் ஆட்களுக்குச் சங்கடமாக இருக்கிறது’ என்று சொல்லி அனுப்பினார்கள். கல் எறியவில்லை, கத்தவில்லை. போனவர்கள் போய் வீட்டு முன்னறைகளில் கூடினார்கள், சொந்தமாகச் சபைகளைக் கட்டினார்கள், பெரும்பாலோர் திரும்பி வரவில்லை. இங்கிலாந்து திருச்சபையின் பொதுப் பேரவை அதற்காக மன்னிப்புக் கேட்டது 2020 பிப்ரவரியில். அதற்குள் அந்த வாசலில் நின்றவர்களில் எத்தனையோ பேர் மண்ணுக்குள் போய்விட்டார்கள்.

உங்கள் கமிட்டியும் மரியாதையாகத்தான் சொல்லியிருக்கும் என்று நினைக்கிறேன்.

நம் பக்கத்திலும் இது நடந்திருக்கிறது. பொய்கையில் யோஹன்னான் (1879–1939) மத்திய திருவிதாங்கூரில் பெரிய பிரசங்கியாக இருந்தவர். கிறிஸ்தவரான பிறகும் தலித் மக்களுக்கு வேறு இடம், வேறு மரியாதை என்றிருந்ததைப் பொறுக்க முடியாமல் சபையை விட்டு வெளியேறினார். அவரோடு ஒரு பெரிய ஜனக்கூட்டமே போனது. நம் தென்திருவிதாங்கூர் சபைகளிலும் சாம்பவர், புலையர் விசுவாசிகள் தனி ஆலயத்திலும் தனி வரிசையிலும் இருக்க நேர்ந்த கதையைப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆகவே இது இங்கிலாந்துக்காரனின் வியாதி என்று நாம் கையைக் கழுவ முடியாது.

‘நம் ஊரைப் பாதுகாக்க நினைப்பது பாவமா’ என்று கேட்டிருக்கிறீர்கள். பாவமே இல்லை. வீட்டுக்குப் பூட்டுப் போடுவது பாவமா? ஒரு நாடு எத்தனை பேரை உள்ளே விடலாம், எந்தச் சட்டப்படி விடலாம் என்று இங்கிலாந்துக்காரர்கள் விவாதிப்பதும் பாவமில்லை. பள்ளிக்கூடத்தில் இடம் போதவில்லை, வீட்டு வாடகை ஏறிவிட்டது என்று ஒருவர் கவலைப்பட்டால் அவரை இனவெறியர் என்று முத்திரை குத்தக் கூடாது. அதில் நல்ல கிறிஸ்தவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். நம் ஊரிலும் அப்படித்தான். ஒரு லைன் அறையில் பத்துப் பேரை அடைத்து, ஒரே கக்கூஸைக் கொடுத்து வாடகை வாங்குகிறவன் மேல் எனக்கும் கோபம் வருகிறது. கோபம் அந்தக் கட்டடக்காரன் மேலும் மேஸ்திரி மேலும் போக வேண்டும். அது ஏனோ எப்போதும் உள்ளே படுத்திருப்பவன் மேலேயே போகிறது.

என் வேலையில் மனசாட்சிக் கேள்விகள் வரும்போது நான் கேட்பது ஒன்று: இந்த விதி ஒருவர் நடந்துகொள்வதைப் பற்றியதா, அவர் பிறந்த இடத்தைப் பற்றியதா? நடத்தைக்கு எத்தனை விதி வேண்டுமானாலும் போடுங்கள். ஹாலைக் கூட்டிவிட்டுப் போக வேண்டும், நாலு மணிக்குச் சாவி திரும்பி வர வேண்டும், வெற்றிலை பாக்குப் போடக் கூடாது, குடித்துவிட்டு வந்தால் அன்றோடு அனுமதி ரத்து. எல்லாம் சரி. ஆனால் இதே ஹாலைக் கல்யாண ரிசப்ஷனுக்குக் கொடுக்கிறோமே, மறுநாள் காலையில் அங்கே கிடக்கும் பேப்பர் கப்பையும் பிரியாணி எலும்பையும் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அந்த வீட்டாரிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு ஹாலைக் கொடுக்கிறோம், ‘உங்கள் ஆட்கள் அழுக்காக்குவார்கள்’ என்று திருப்பி அனுப்புவதில்லை. ஒடிசாக்காரரிடமும் அதே முன்பணத்தை வாங்கலாம்.

பெண்பிள்ளைகள் வருகிற இடம் என்ற காரணத்தை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். பிள்ளைகளின் பாதுகாப்பு எல்லாக் காரணங்களிலும் பெரியது. அதனாலேயே அதைச் சாக்காக்கக் கூடாது. பிள்ளைகளுக்குத் தீங்கு செய்பவர்களில் பெரும்பாலோர் அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள்: உறவுக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், சொல்லிக்கொடுப்பவர். உங்கள் சபையில் பாட்டுப் பயிற்சிக்கு எப்போதும் இரண்டு பெரியவர்கள் கூட இருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறதா? இல்லையென்றால் அதை இந்த வாரமே போடுங்கள், நம் ஆட்களுக்கும் சேர்த்து. பயிற்சியையும் ஒடியா ஜெபத்தையும் வேறு வேறு நேரத்தில் வைத்துக்கொள்வதில் யாருக்கும் கஷ்டம் இல்லை.

அந்த வீடியோவைப் பற்றி. ‘பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக’ என்பதை நாம் ஓய்வுநாள் பள்ளியிலேயே மனப்பாடம் செய்தோம். அது கோர்ட்டில் ஏறுகிறவனுக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். விசாரிக்காமல் ஒன்றை அடுத்தவருக்குத் தள்ளிவிடும்போது நாமும் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்கிறோம். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் குலதெய்வக் கோவிலுக்குக் குடும்பத்தோடு வந்த ஒரு மூதாட்டி, வழியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர்கள் சுற்றுகிறார்கள் என்ற வாட்ஸ்அப் புரளி அப்போது ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. அடித்தே கொன்றுவிட்டார்கள். அவரும் தமிழ்தான் பேசினார். அதே ஆண்டு பிப்ரவரியில் மலையின் இந்தப் பக்கம் அட்டப்பாடியில், அரிசி திருடினார் என்று சொல்லி மது என்ற ஆதிவாசி இளைஞரைக் கட்டிவைத்து அடித்துக் கொன்றார்கள், பக்கத்தில் நின்று செல்பி எடுத்தார்கள். அடித்தவர்கள் எல்லாரும் சாதாரண ஜனங்கள், கடை வைத்திருப்பவர்கள், வண்டி ஓட்டுபவர்கள். புரளியும் சந்தேகமும் ஊருக்குள் ஊறிக்கிடக்கும்போது, கை ஓங்குவதற்கு ஒரு சின்ன சாக்கு போதும். உங்கள் குழுவில் வந்த வீடியோவுக்கு எந்த ஊர், எந்தத் தேதி, எந்த போலீஸ் ஸ்டேஷனில் புகார் என்று யாராவது கேட்டார்களா? நீங்கள் கேட்கலாம். ஒரே ஒரு வரி போதும்.

அடுத்து, கந்தமால். கமிட்டியில் இருப்பவர்களுக்கு இந்தப் பெயர் மறந்திருக்க முடியாது. 2008 ஆகஸ்ட் 23 அன்று அங்கே ஒரு இந்துச் சுவாமியைக் கொலை செய்தார்கள். சாதி, பழங்குடி, நிலம், மதம் என்று பல வருடங்களாகப் புகைந்துகொண்டிருந்த பகை அதோடு பற்றி எரிந்தது. பழி கிறிஸ்தவர்கள் தலையில் மொத்தமாக விழுந்தது. ஆலயங்களும் வீடுகளும் எரிந்தன, ஜனங்கள் மழையில் காட்டுக்குள் ஒளிந்தார்கள், மாதக்கணக்கில் முகாமில் கிடந்தார்கள். அப்போது எங்கள் சேகரத்தில் கண்ணீரோடு ஜெபித்தோம், விசேஷக் காணிக்கை எடுத்தோம். உங்கள் சபையிலும் செய்திருப்பீர்கள். அன்று பத்து வயதாக இருந்த பிள்ளைகள் இன்று வேலைக்கு வந்து உங்கள் சூளையில் செங்கல் அடுக்குகிறார்கள். தூரத்தில் இருந்தபோது அவர்களுக்காக முழங்கால் போட்ட நாம், கிட்ட வந்து நின்றபோது கதவைச் சாத்தலாமா?

இன்னொரு நடைமுறைக் காரியமும் உண்டு. அவர்கள் வட இந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவர்களா என்று விசாரியுங்கள். கந்தமாலின் தலைநகரான பூல்பானியில் அந்தச் சபைக்குப் பேராயமே இருக்கிறது. 1947இல் உண்டான நம் தென்னிந்தியத் திருச்சபையும் 1970இல் உண்டான அந்தத் திருச்சபையும் ஒன்றையொன்று முழுமையாக ஏற்றுக்கொண்டவை. அவர்கள் போதகர் நம் பீடத்தில் நிற்கலாம், நம் ஆட்கள் அங்கே திருவிருந்து எடுக்கலாம். அப்படியென்றால் ஹால் கேட்ட பையன்கள் வெளியாட்கள் ஆகமாட்டார்கள். ஊர் மாறி வந்த சபையார். திருநெல்வேலியிலிருந்து ஒரு குடும்பம் மாற்றலாகி வந்தால் சபைப் போதகரான ஐயர் வீடு தேடிப்போய் ஜெபம் பண்ணுகிறாரே, அந்த முறை இவர்களுக்கும் உண்டு. பாப்டிஸ்டாகவோ கத்தோலிக்கராகவோ இருந்தாலும் சகோதரர்தான், ஆனால் கமிட்டியில் பேசும்போது இந்தச் சட்டப் பிடிப்பு உங்களுக்கு உதவும்.

அமரவிளைப் பக்கம் ஒரு லைன் கட்டடத்து மொட்டைமாடியில் ஒடியா ஜெபத்தில் உட்கார்ந்திருக்கிறேன். நீலத் தார்ப்பாய் விரித்திருந்தார்கள். செருப்புகள் படிக்கட்டோரமாக ஜோடி ஜோடியாகச் சுவரை ஒட்டி இருந்தன. மைக் இல்லை, ஒரு பையன் பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப்போட்டு விரலால் தாளம் தட்டினான், சத்தம் கீழ்வீட்டுக்குக் கேட்கக் கூடாதென்று மெதுவாக. பாதியில் மேஸ்திரியிடமிருந்து போன் வந்து இரண்டு பேர் எழுந்து கான்கிரீட்டுக்குப் போனார்கள். நெடுங்காலமாக இங்கே இருக்கும் ஒருவர் ஜெபக் குறிப்புகளை எனக்கு மலையாளத்தில் சொன்னார்: ஊரில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், ஒப்பந்தக்காரன் தராத சம்பளம், தங்கைக்குக் கல்யாணம், ஒருவனுக்கு விடாத காய்ச்சல். உங்கள் மகள் கூடும் ஜெபக்குழுவில் இதைவிட வேறு என்ன கேட்டுவிடப் போகிறார்கள்?

நாம் எங்கிருந்து வந்தோம் என்பதும் கமிட்டிக்கு நினைவிருக்க வேண்டும். 1806இல் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானியர் லண்டன் மிஷனின் ஆளாக மைலாடிக்கு வந்தார். நம் பகுதியின் முதல் விசுவாசிகளில் ஒருவரான மைலாடி வேதமாணிக்கம் கேட்டுக்கொண்டதால் வந்தார். தோலின் நிறமும் வேறு, பாஷையும் வேறு. மார்பை மறைக்க மேல்சீலை போட்டதற்காக நம் பெண்களை அடித்து, சீலையைக் கிழித்த காலத்தில், ‘நாட்டு வழக்கம் கெடும், சமாதானம் குலையும்’ என்பதுதான் எதிர்த்தவர்கள் சொன்ன நியாயம். அது 1859இல் மகாராஜாவின் அறிவிப்பு வரும்வரை நீண்டது. சமாதானம் குலையும் என்ற பேச்சை நம் வாய் சொல்லும்போது நமக்குக் கூச வேண்டும்.

அப்புறம் 1956. அந்த நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு போயின. நெய்யாற்றின்கரை தாலுகாவையும் கேட்டார்கள், கிடைக்கவில்லை. உங்கள் குடும்பம் இருந்த இடத்திலேயே இருந்தது, கோடு மட்டும் நகர்ந்து நீங்கள் சிறுபான்மை ஆனீர்கள். ரேஷன் கார்டு மலையாளம், பஸ் போர்டு மலையாளம், பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் பையப்பைய மலையாளம். அந்தத் தமிழ் ஆராதனையை நிறுத்திவிடலாம், இரண்டும் ஒன்றாக மலையாளத்திலேயே நடக்கட்டும் என்ற பேச்சு வந்திருக்காதா? அதை விடாமல் காத்த பெரியவர்கள் இன்னும் உங்கள் சபையில் இருப்பார்கள். தன் பாஷையில் ஜெபிக்க ஒரு மணி நேரம் வேண்டும் என்ற தவிப்பு அவர்களுக்குத் தெரியும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் அவர்களிடம்தான் போவேன்.

இனி உங்கள் மௌனம். நேராகச் சொல்கிறேன், அன்று பேசியிருக்க வேண்டும். பேசாதது தவறுதான். ஆனால் அதை நினைத்து ராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதால் அந்தப் பையன்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. முடிவு இன்றைக்கும் நடப்பில் இருக்கிறது, ஆகவே பேசுவதற்கான நேரமும் இன்னும் இருக்கிறது. நீங்கள் எனக்கு எழுதியதே உங்கள் மனசாட்சி வேலை செய்கிறது என்பதால்தான்.

கணவரைப் பற்றிக் கொஞ்சம் கவனமாகப் பேசுகிறேன். அவர் கைதூக்கியதற்கு வெறுப்பு காரணமாக இருக்காது. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து தன் ஆட்கள் வந்ததும் ‘விருத்தசேதனமுள்ளவர்களுக்குப் பயந்து’ மெல்ல எழுந்து விலகினார். பேதுருவுக்கே அந்தப் பயம் இருந்தது, பர்னபாவும் அதில் இழுபட்டார். நாளை தன் வீட்டு விசேஷத்துக்கு வர வேண்டிய பத்துப் பேர் கைதூக்கும்போது தனியாகக் கையைக் கீழே வைத்திருப்பது லேசான காரியமில்லை. ஆகவே வேறு ஆள் முன்னால் அவரைக் குத்திப் பேசாதீர்கள். வீட்டில், சாப்பாடு முடிந்த பின், மகளைப் பற்றிப் பேச்சு வரும்போது கேளுங்கள். லண்டனிலும் மற்ற ஊர்களிலும் நம் தமிழ், மலையாளச் சபைகளில் பல, ஆங்கிலச் சபையின் ஆலயத்தையோ ஹாலையோ ஞாயிறு மத்தியானத்துக்கு வாங்கித்தான் கூடுகின்றன. அந்தச் சபைக் கமிட்டியும் நம்மைப் போல முடிவெடுத்தால் நம் பிள்ளை எங்கே போவாள் என்று அவரிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு, பதிலுக்கு அவசரப்படுத்தாமல் விடுங்கள். முடிந்தால் ஒரு ஞாயிறு அவரையும் கூட்டிக்கொண்டு அந்தப் பையன்கள் இப்போது கூடும் இடத்துக்குப் போய்வாருங்கள். அறிக்கைகளைப் படித்து மனம் மாறியவர்களை நான் அதிகம் கண்டதில்லை. ஒரு பந்தியில் சேர்ந்து உட்கார்ந்தபின் மாறியவர்களைக் கண்டிருக்கிறேன்.

அவர் மாறவில்லை என்றால்? ‘புருஷன் கைதூக்கிய பிறகு பெண்சாதி எதிர்ப்பதா’ என்று சபையில் பேசுவார்கள். அனனியா, சப்பீராள் கதையை எடுத்துப் பாருங்கள். புருஷன் சொன்னதையே பெண்சாதியும் சொன்னதாக வைத்துக்கொள்வோம் என்று பேதுரு விட்டுவிடவில்லை. சப்பீராளைத் தனியாகக் கேட்டார், அவள் தனியாகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. உங்கள் மனசாட்சியை உங்கள் கணவரிடம் ஒப்படைக்க முடியாது, அவரும் அதைச் சுமக்க முடியாது. நீங்கள் அந்தச் சபையின் முழு அங்கத்தினர். உங்கள் பெயரில் எழுத உங்களுக்கு உரிமை இருக்கிறது. எழுதுவதற்கு முன் அவரிடம் சொல்லிவிடுங்கள், தெரியாமல் செய்ய வேண்டாம்.

கடிதம் ஐயருக்கும் சபைச் செயலருக்கும் சேர்த்துப் போகட்டும், ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். யாரையும் குற்றம் சாட்டாமல், முடிவை மறுபரிசீலனை செய்யும்படி மட்டும் கேளுங்கள். முதலில் மூன்று மாதத்துக்கு, எல்லாருக்கும் உள்ள அதே நிபந்தனைகளோடு ஹாலைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்களில் ஒருவரை அழைத்து உட்காரவைத்துப் பேசிய பிறகே முடிவெடுக்க வேண்டும் என்றும் எழுதுங்கள். இதற்கு அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரம் போதும். எருசலேம் சபையில் கிரேக்க பாஷைக்காரரின் விதவைகளைப் பந்தியில் கவனிக்கவில்லை என்ற முறுமுறுப்பு வந்தபோது, பொறுப்புக்கு நியமித்த ஏழு பேருக்கும் இருந்தவை கிரேக்கப் பெயர்கள். ஒருவர் அந்தியோகியாவிலிருந்து வந்து யூத மார்க்கத்தில் சேர்ந்தவர். குறை சொன்னவர்கள் கையிலேயே பந்தியைக் கொடுத்தார்கள். உங்கள் கமிட்டியை அந்த அளவுக்கு இன்றே போகச் சொல்லவில்லை, ஒரு நாற்காலி போடச் சொல்லுங்கள்.

ஹால் கிடைத்துவிட்டால் அப்புறம் ஒரு ஆபத்து இருக்கிறது, இப்போதே சொல்லிவிடுகிறேன். கிறிஸ்துமஸுக்கு அவர்களை வரிசையில் நிறுத்திச் சட்டை கொடுத்து போட்டோ எடுப்பது, ஆலயப் பெயின்ட் வேலைக்கு இலவச ஆளாக அழைப்பது, காலை ஆராதனைக்கு வந்தால் கடைசி பெஞ்சைக் காட்டுவது, இதெல்லாம் ஹால் கொடுக்காததைவிட மோசம். அசனத்துக்கு, அதாவது சபை விருந்துக்கு, சோறு பரிமாற அவர்களைக் கூப்பிட்டால், நம் பையன்களையும் அவர்களுக்குப் பரிமாற நிறுத்துங்கள்.

மறுபடியும் முடியாது என்றால், காரணத்தைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதும்படி கேளுங்கள். எழுதச் சொன்னால் பல காரணங்கள் தானாகவே மெலிந்துபோகும். அதுவரைக்கும் உங்கள் வீட்டு வராந்தாவோ, தமிழ் ஆராதனையைக் காத்த அந்தப் பெரியவர்களில் ஒருவரின் முற்றமோ ஞாயிறு மத்தியானம் இரண்டு மணி நேரம் கிடைக்குமா என்று பாருங்கள். மழைக்காலத்தில் மொட்டைமாடியில் தார்ப்பாய் விரிக்க முடியாது. அக்கம்பக்கத்தில் பேச்சு வரும். அதைத் தாங்க முடியுமா என்று கணவரும் நீங்களும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

அவர்களிடம் ஊர்ச் சபையின் சான்றுக்கடிதம் இருக்கிறதா என்று இந்த ஞாயிறே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஊர்ப் போதகரிடமிருந்து போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம், அதை உங்கள் கடிதத்தோடு இணையுங்கள். மகள் எந்த ஊரில் இருக்கிறாள் என்று எனக்கு எழுதுங்கள். அங்கே நம்மவர்கள் கூடும் சபை எது, இரவு ஷிஃப்ட் முடிந்து வரும்போது அவளோடு பஸ் ஏறக்கூடியவர்கள் யார் என்று விசாரித்துச் சொல்கிறேன்.